அம்மணி வெளுத்த கதை

"பார்த்தியா வெண்டல், எப்படி ஜொலிக்குதுன்னு!"

ஆர்லீன் ஒரு கையில் துணியும் மறு கையில் வெள்ளி டாலருமாக ஜன்னலோரம் நின்றிருந்தாள். மேஜை மேல் செய்தித்தாள் விரித்து, மறுநாள் நன்றி நாள் விருந்துக்காக முள்கரண்டி, கரண்டி, குழம்புக் கிண்ணம் எல்லாவற்றையும் தேய்த்து வரிசையாக அடுக்கியிருந்தாள். அந்த வரிசையில் கடைசி ஆளாக வெண்டல் கிரெஸ்லரின் உயிரும் நின்று தேய்ப்பு வாங்கியிருந்தது.

வெண்டல் காப்பிக் கோப்பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நாற்காலியின் மேல் வைத்தார்.

"இதையுமா தேய்ச்சே?"

"வெள்ளி சாமான் எல்லாத்தையும் தேய்ச்சு வைன்னுதானே வெர்னா சொன்னா? இது வெள்ளி இல்லையா? அடேயப்பா, என்ன அழுக்கு! இந்தப் பொம்பளைக்கு மூஞ்சின்னு ஒண்ணு இருக்கறதே இப்பத்தான் தெரியுது."

"ஆர்லீன்..."

"நன்றியெல்லாம் வேணாம். பேஸ்ட் மட்டும் இன்னொரு டப்பா வாங்கிட்டு வா. பாதி இதுக்கே ஆயிடுச்சு."

ஆர்லீன், வெண்டலின் மனைவி வெர்னாவுக்கு அக்கா. விருந்துக்காக ஒரு வாரம் வந்து தங்கியிருந்தாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பெட்டிக்குள் இருந்த நாணயத்தை எடுத்து, பூதக் கண்ணாடி வைத்துக் கொஞ்சிவிட்டு, மேஜை மேலேயே விட்டுவிட்டுக் காப்பி போடப் போனவர் வெண்டல்தான்.

நாணயம் சேர்ப்பவர்களுக்கு அழுக்குதான் சொத்து. இருநூறு வருஷம் காற்றுப் பட்டு வெள்ளியின் மேல் தோல் மாதிரிப் படிகிற கறுப்புக்குத்தான் பாதி விலை. அதைத் துடைத்தவனை இந்த வட்டாரத்தில் யாரும் மன்னிப்பதில்லை. துடைத்த நாணயத்தை யாரும் வாங்குவதுமில்லை. குழந்தையைக் கீழே போட்டுவிட்டேன் என்று வந்து சொன்னால்கூட எங்கள் பிரென்னர்ஸ்வில் நாணயக் கழகத்தில் ஆறுதல் சொல்ல ஆள் இருக்கும். நாணயத்தைக் கழுவிவிட்டேன் என்றால் எழுந்து வெளியே போய்விடுவார்கள்.

அதுவும் இது 1795-ஆம் வருஷத்து டாலர். நாடு பிறந்த புதிதில் அடித்தது. அப்போது சுதந்திர தேவிக்குத் தலை வாரிவிட யாருக்கும் நேரமில்லை போலிருக்கிறது. கூந்தலை அவிழ்த்துப் போட்டு, தலைவிரிகோலமாக இருப்பாள். பின்பக்கம் கழுகு என்ற பெயரில் ஒரு மெலிந்த கோழி. வெண்டல் அந்தத் தேவியை 'அம்மணி' என்று கூப்பிடுவார். வெர்னாவை அப்படி எதுவும் கூப்பிட்டதாக யாருக்கும் நினைவில்லை.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன், கழகத் தலைவர் மெர்ல் ஹோக்கிடமிருந்து அவர் அம்மணியை வாங்கினார். கீழ்த்தளத்தில் குளியலறை கட்டுவதற்கென்று வெர்னா சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருந்த பணம் முழுவதும் அதற்குப் போயிற்று.

"அடுத்த வருஷம் கட்டிடலாம் வெர்னா," என்றார் வெண்டல்.

அந்த வீட்டில் குளியலறை மாடியில்தான். பதினாலு படி. அந்த அடுத்த வருஷம் வரவேயில்லை. வெர்னாவின் இரண்டு முழங்காலும் போயின. அவள் ஒரு நாளும் சண்டை போட்டதில்லை. படியேறும்போது எண்ணுவாள், அவ்வளவுதான். ஒன்று, இரண்டு, மூன்று என்று அவள் எண்ணுவது கீழே அம்மணியைப் பார்த்துக் கொண்டிருக்கும் வெண்டலுக்குக் கேட்கும். அவர் வானொலியைக் கொஞ்சம் கூட்டி வைப்பார்.

போன மாதம் ஏழாவது படியில் உட்கார்ந்தவள் அங்கிருந்தே சொன்னாள்: "மக வீட்டுக்குப் பக்கத்துல, அரிசோனாவுல ஒரு வீடு வருது. மாடி கிடையாது. எனக்கு அது வேணும். அம்மணியை வித்துடு."

வெண்டல் ஒப்புக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை, கேட்டால்தான் கொடுப்பவர். கர்ட்டிஸ் டால்பி என்ற இளம் வரலாற்று வாத்தியார் அதற்கு அடுத்த வாரம்தான் கழகத்தில் சேர்ந்திருந்தார். அவருக்கு அம்மணி மேல் கண். சனிக்கிழமை கூட்டத்தில் விற்பனை. திங்கட்கிழமை அரிசோனா வீட்டுக்கு முன்பணம். வெர்னா பீங்கான் சாமான்களைக்கூடப் பெட்டியில் கட்டிவிட்டாள்.

இன்று புதன்கிழமை. அம்மணி, கடையில் புதிதாக வாங்கிய குழாய் மாதிரி மின்னிக் கொண்டிருந்தாள்.

"ஆர்லீன், இதை வெர்னாகிட்ட மட்டும் சொல்லாதே."

"நான் ஏன் சொல்லப் போறேன்? என் வாயில் இருந்து ஒரு வார்த்தை வராது," என்றாள் ஆர்லீன், வார்த்தை வராமல் ஐந்து நிமிஷம் இருந்தறியாதவள்.

வெள்ளி கறுக்க முட்டை போதும் என்று வெண்டல் எங்கோ படித்திருந்தார். பன்னிரண்டு முட்டையை வேக வைத்தார்.

"எதுக்கு இத்தனை முட்டை?" என்றாள் வெர்னா.

"சாலட்."

"வான்கோழி வாங்கி வச்சிருக்கேன், கிழங்கு இருக்கு, பூசணி அடை இருக்கு. இதுல முட்டை சாலட்டா?"

"திடீர்னு ஆசையா இருந்துச்சு."

வெர்னா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனாள். வெண்டல் முட்டைகளை மசித்து, ஒரு தகரப் பெட்டியில் போட்டு, நடுவில் அம்மணியை வைத்து மூடி, கீழறையில் அனல் குழாய் மேல் வைத்தார். ஒரு மணி நேரத்தில் இளம் மஞ்சள். அழகுதான். அத்தோடு விட்டிருக்கலாம். "இன்னும் கொஞ்சம்" என்று விட்டுவிட்டு மாலையில் திறந்தபோது, அம்மணி ஊதாவும் பச்சையுமாக, மழைத் தண்ணீரில் பெட்ரோல் சிந்தியது மாதிரி இருந்தாள். கழுகுக்கு ரோஜா நிற வயிறு.

மறுநாள் விருந்து. காலையில் வெர்னா வான்கோழியை அடுப்புக்குள் தள்ளிவிட்டு மேலே குளிக்கப் போனாள். ஒன்று, இரண்டு என்று எண்ணும் சத்தம் கேட்டது. சூட்டில் எண்ணெய்க் காகிதம் சுற்றி வைத்தால் பழுப்பு நிறம் வரும் என்பது வெண்டலின் அடுத்த ஞானம். பதினாலு முடிவதற்குள் அம்மணியைக் காகிதத்தில் சுற்றி, வான்கோழித் தட்டுக்கு அடியில் செருகிவிட்டார்.

மதியம் மூன்று மணிக்கு மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். வெர்னா ஒரு துண்டு வாயில் வைத்தாள். மெதுவாக மென்றாள்.

"இந்தக் கோழி ஏன் அழுகின முட்டை மாதிரி நாறுது?"

"எனக்கு ஒண்ணும் தெரியலையே," என்றார் வெண்டல்.

"எனக்குத் தெரியும்," என்று ஆரம்பித்தாள் ஆர்லீன்.

"ஆர்லீன், குழம்பு!" என்று கிண்ணத்தை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார் வெண்டல்.

சாப்பாடு முடிந்து, அடுப்பு ஆறிய பிறகுதான் அம்மணியை மீட்க முடிந்தது. காகிதம் கிழிந்து, வான்கோழிக் கொழுப்பு சொட்டிச் சொட்டி, முகமெல்லாம் பொன்னிற வார்னிஷ் பூசியிருந்தது. பெட்ரோல் நிறம் அதற்கடியில் அப்படியே பத்திரமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை கடைக்குப் போய், வெள்ளிச் சாமான் முக்கியெடுக்கும் திராவகம் ஒரு புட்டி வாங்கி வந்தார். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவோம் என்று நினைப்பு. ஐந்து நொடிக்கு மேல் கூடாதென்று புட்டியில் எழுதியிருந்தது. அம்மணியைக் கிண்ணத்தில் இறக்கி இரண்டு எண்ணியபோது தொலைபேசி அடித்தது.

கழகத் தலைவர் மெர்ல் ஹோக்.

"வெண்டல்! நாளைக்கு ரெடிதானே? பையன் துடியாத் துடிக்கறான். இந்த மாவட்டத்துலயே இப்படி ஒரு டாலர் கிடையாதுன்னு நானும் இரும்புக் கடை ஹோலிஸும் சொல்லி வச்சிருக்கோம்."

"மெர்ல், ஒரு சின்ன விஷயம். அவன் அதை வெளியே அனுப்பி, தரம் பார்க்கச் சொல்லுவானோ?"

"சேச்சே! நம்ம கழகத்துல அப்படி ஒரு வழக்கம் உண்டா? நம்ம ஆளுக்கு நம்ம ஆள் வாக்கு போதும். தராசு வைக்கறதும், பிளாஸ்டிக் டப்பாவுல அடைச்சுச் சான்றிதழ் ஒட்டறதும் நம்பிக்கை இல்லாதவன் வேலை. அதையெல்லாம் வந்த அன்னைக்கே சொல்லிக் கொடுத்துட்டோம்."

அது உண்மைதான். பிரென்னர்ஸ்வில் கழகத்தில் ஒருவர் விற்கும் நாணயத்தை மற்றவர் எடை போட்டுப் பார்த்தால், விற்பவரின் தாயைப் பழித்த மாதிரி. வெண்டலும் இருபத்திரண்டு வருஷத்தில் அம்மணியை ஒரு தடவைகூடத் தராசில் ஏற்றியதில்லை. அதில் அவருக்குப் பெருமை.

மெர்ல் பருவநிலை, தேவாலயக் கூரை, தன் வயிற்று உபாதை எல்லாம் பேசி முடிக்கப் பதினைந்து நிமிஷம் ஆயிற்று. வெண்டல் ஓடிப்போய்க் கிண்ணத்தைப் பார்த்தார்.

அம்மணியின் மூக்கு சிவந்திருந்தது. கன்னமும் சிவப்பு. கழுகின் நெஞ்சில் செம்பு நிறத்தில் ஒரு பொட்டளவு வட்டம்.

வெண்டல் கிண்ணத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு தனக்குத் தானே விளக்கம் சொல்லிக் கொண்டார். அந்தக் காலத்தில் வெள்ளியில் கொஞ்சம் செம்பு கலப்பார்கள். திராவகம் அதைக் கிளப்பி மேலே கொண்டு வந்துவிட்டது. இருநூறு வருஷம் தாங்கியதைத் தான் மூன்று நாளில் கொன்றுவிட்டோம் என்று நினைத்தபோது அவருக்கு நிஜமாகவே அழுகை வந்தது. மனைவியின் முழங்கால் போனபோது வராத அழுகை. அது அவருக்கே உறைத்தது, அதனால் இன்னும் கொஞ்சம் அழுதார்.

அழுது முடித்துக் கறுப்பு ஷூ பாலிஷை எடுத்தார்.

பல் தேய்க்கும் பிரஷால் பூசி, அடுப்புக் கரியை விரலால் அப்பி, கம்பளித் துணியால் ஒற்றி, மறுபடி பூசி, இரவு எட்டு மணிக்கு நிமிர்ந்தார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அம்மணி பழைய அம்மணியைவிட நன்றாக இருந்தாள். முன்னெப்போதும் இல்லாத ஒரு முதுமை வந்திருந்தது.

சனிக்கிழமை, தேவாலயத்துக் கீழ்த்தளம். நீளமான மேஜை, காப்பிப் பானை, வெர்னா செய்து கொண்டு வந்த பூசணி அடை. முழங்கால் வலியோடு அவளும் வந்திருந்தாள்; வீட்டை விற்றுப் போவதற்கு முன் எல்லோரிடமும் சொல்லிக் கொள்ளலாம் என்று. மெர்ல் தலைமை நாற்காலியில். அவருக்குப் பக்கத்தில் இரும்புக் கடை ஹோலிஸ் ஃபென்னர். மூலையில் கழகத்தின் மூத்த உறுப்பினர் ஆல்வா ரப், வயது தொண்ணூற்றொன்று. எல்லாக் கூட்டத்திலும் தூங்குவார், அடை வெட்டும்போது மட்டும் விழிப்பார்.

கர்ட்டிஸ் டால்பி அம்மணியை இரண்டு விரலால் ஓரம் பிடித்து, விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எவ்வளவு அழகு, மிஸ்டர் கிரெஸ்லர்!"

"அந்தக் கறுப்பைப் பாரு தம்பி," என்றார் மெர்ல். "அதெல்லாம் செயற்கையா வராது."

"எத்தனை கை மாறி வந்திருக்கும்!" என்றார் ஹோலிஸ், பெருமூச்சுடன்.

வெண்டலின் சட்டைக் கழுத்து வேர்வையில் நனைந்திருந்தது. வெர்னா அவரையே பார்த்துக் கொண்டிருந்தாள்.

கர்ட்டிஸ் கோட்டுப் பையிலிருந்து காசோலைப் புத்தகத்தையும் பேனாவையும் எடுத்தார். வெட்கத்தோடு சிரித்தார்.

"என் மனைவிக்கு அடுத்த மாசம் குழந்தை பிறக்குது. பின்பக்கம் ஒரு அறை எடுத்துக் கட்டத்தான் இதை வச்சிருந்தோம். நான் கேட்டப்போ ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லலை. 'பரவாயில்லை, அடுத்த வருஷம் கட்டிக்கலாம்'னுட்டா."

அடுத்த வருஷம் எவ்வளவு தூரம் என்பது அந்த அறையில் வெண்டலுக்கும் வெர்னாவுக்கும்தான் தெரியும்.

"தம்பி," என்றார் வெண்டல். "பேனாவை உள்ளே வை."

"என்னங்க?"

"அது தேய்ச்ச நாணயம். புதன்கிழமை வெர்னாவோட அக்கா வெள்ளி பேஸ்ட் போட்டுத் தேய்ச்சுட்டா. அப்புறம் நான் முட்டையில வச்சேன். வான்கோழிக்கு அடியில வச்சேன். திராவகத்துல போட்டேன், செம்பு வெளியே வந்துடுச்சு. நீ இப்ப பார்க்கறது ஷூ பாலிஷ்."

கர்ட்டிஸ் தன் விரல்களைப் பார்த்தார். நுனியெல்லாம் கறுப்பு.

"போ தம்பி. போயி அந்த அறையைக் கட்டு. இந்த வருஷமே கட்டு."

கர்ட்டிஸ் நாணயத்தை மேஜை மேல் வைத்தார். கோபப்படுவார் என்று வெண்டல் எதிர்பார்த்தார். அவரோ வெண்டலின் கையைப் பிடித்துக் குலுக்கி, அவர் கையையும் கறுப்பாக்கிவிட்டு, "நீங்க ரொம்ப நல்லவர், சார்," என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போய்விட்டார்.

வெண்டல் மனைவியின் பக்கம் திரும்பினார். "வெர்னா, உன்கிட்ட நான் முன்னாடியே..."

"எனக்குத் தெரியும். புதன்கிழமை சாயந்திரமே ஆர்லீன் சொல்லிட்டா."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தே?"

"அந்தப் பையனை ஏமாத்திடுவியோன்னு மூணு நாளா வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருந்தேன். கேட்கவும் பயம், ஆமான்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு."

"அரிசோனா போச்சே வெர்னா."

"போச்சு," என்றாள் வெர்னா. அவள் கண் கலங்கியிருந்தது. "பீங்கானைத் திரும்பப் பிரிக்கணும், அதுதான் வேலை. படி எங்கே போயிடப் போகுது, ஏறிக்கறேன்."

நாற்பத்தோரு வருஷத்தில் அவள் அவரைப் பார்த்துப் பெருமைப்பட்டது அதுதான் முதல் தடவை. வெண்டலுக்கு அது புரிந்தது. எல்லாம் தொலைந்த அந்த நிமிஷத்தில் அவர் நெஞ்சு லேசாக இருந்தது. ஒரு நிமிஷம்தான்.

"உனக்கு மூளை இருக்காடா?" என்று கத்தினார் மெர்ல். மேஜையில் அவர் குத்திய குத்தில் காப்பி தளும்பியது.

"கோபப்படு மெர்ல், உனக்கு உரிமை இருக்கு," என்றார் வெண்டல் தலைகுனிந்து. "நீ எனக்குக் கொடுத்தது ஒரு பொக்கிஷம். நான் பாழாக்கிட்டேன்."

"பேனாவை எடுத்துட்டான்டா! கையெழுத்துதான் பாக்கி!" என்று ஹோலிஸ் தலையில் அடித்துக் கொண்டார். "ரெண்டு நிமிஷம் வாயை மூடிக்கிட்டு இருக்க முடியலையா உன்னால?"

"எப்படி ஹோலிஸ்? அவனும் நம்ம கழகத்து ஆள். வாக்குன்னு ஒண்ணு இல்லையா?"

மெர்லும் ஹோலிஸும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கொண்டார்கள். இவ்வளவு கோபம் எதற்கு என்று வெண்டலுக்கு விளங்கவில்லை. போனது தன் வீடு, கெட்டது தன் நாணயம். இவர்கள் ஏன் இப்படி அடித்துக் கொள்கிறார்கள்?

மூலையில் ஆல்வா ரப் கண்ணைத் திறந்து, மேஜை மேல் கிடந்த அம்மணியையும் மூடியிருந்த கதவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"செம்பு இன்னைக்கா வெளியே வந்துச்சு, மடையா?" என்றார் கிழவர். "நான் வச்சிருந்தப்பவே வந்துச்சு, உள்ளே முழுக்கச் செம்புப் போலி, அதனாலதான் வெள்ளி முலாம் பூசி ஹோலிஸ் தலையில கட்டினேன், அவன் மெர்ல் தலையில கட்டினான், மெர்ல் உன் தலையில கட்டினான், நீ ஒருத்தன்தான் இருபத்திரண்டு வருஷமா வச்சு அழகு பார்த்தே, வெர்னா படியேறறதைப் பார்க்கப் பொறுக்காம, உனக்காகத்தான் அந்த வாத்தியாரையே தேடிப் பிடிச்சுக் கழகத்துல சேர்த்தோம்!"